ஷாத்தோநெஃப்-து-பாப்: கல்லா, மணலா, கலவையா? (போகாஸ்தெல் பற்றியும் பேசலாம்)

மேகமலை (இழையைத் தொடங்கியவர்)

தெற்கு பிரான்ஸின் ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரையும் அதன் பெயரிலேயே வரும் ஒயினையும் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது அந்தக் கற்கள்தான். கையளவிலிருந்து தலையளவு வரை உருண்டைக் கற்கள், நடுவில் மண்ணே தெரியாமல் திராட்சைக் கொடி முளைத்து நிற்கும் படம். கூடவே ஒரு விளக்கம்: பகலெல்லாம் கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது, அதனால்தான் இந்தச் சிவப்பு ஒயினுக்கு இவ்வளவு வீரியம்.

சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஊரிலேயே ஆட்கள் ஏங்கித் தேடும் ஒயின் ஷாத்தோ ராயாஸ். அந்தத் தோட்டத்தில் உருண்டைக் கல் கிட்டத்தட்டக் கிடையாது. மணல், சுற்றிலும் மரக்காடு, குளிர்ச்சியான சரிவுகள். திராட்சையும் ஏறத்தாழ முழுக்க கிரெனாஷ் மட்டுமே. அதே எல்லைக்குள், கூர்த்தேசோன் பக்கம் இருக்கும் ஷாத்தோ தெ போகாஸ்தெல் நேர் எதிர்: கல் நிறைந்த தோட்டம், 13 வகைத் திராட்சையும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் புட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் ஒன்றுதான். அப்படியானால் இந்த ஒயினை இந்த ஒயினாக்குவது எது? கல் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

வோக்லூஸ்வாசி

நான் இருப்பது அவிஞ்ஞோன் பக்கம். அறுவடைக் காலத்தில் இந்தத் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்திருக்கிறேன். அதனால் கல்லை உங்களை விடக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், என் முழங்காலைக் கேளுங்கள்.

கல் எல்லா இடத்திலும் இல்லை, அது உண்மை. மொத்தம் சுமார் 3,200 ஹெக்டேர், ஐந்து ஊர்களில் பரவிக் கிடக்கிறது: ஷாத்தோநெஃப்-து-பாப், கூர்த்தேசோன், பெதாரீத், ஒராஞ்ச், சோர்க். ஒராஞ்சுக்கும் அவிஞ்ஞோனுக்கும் நடுவில், ரோன் ஆற்றின் கிழக்குக் கரை. மேற்குப் பக்கம் சில இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சில சரிவுகளில் பழைய கடல் விட்டுப்போன மணல். உயரமான மேடுகளில்தான் நீங்கள் படத்தில் பார்க்கும் கல்லு. மோன்-ரெதோன் மேடும் லா க்ரோ மேடும் அதற்குப் பேர்போனவை. அவை ஆல்ப்ஸ் மலையில் இருந்து பழைய ரோன் உருட்டிக்கொண்டு வந்த குவார்ட்சைட் கற்கள். ஆறு கீழே இறங்கிவிட்டது, கல் மேலே நின்றுவிட்டது.

செப்டெம்பர் மத்தியானம் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது. சூரியன் போன பிறகும் கனநேரம் சூடு இருக்கும். அதனால் "கல் சூட்டைப் பிடிக்கும்" என்பது பொய்க் கதை இல்லை. ஆனால் கல்லை இரண்டடி தோண்டினால் கீழே சிவப்புக் களி. அதுதான் கோடையில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேலே கிடக்கும் கல் வெயில் நேரே களியில் விழாமல் மூடி வைக்கிறது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகள் பேசுவதே இல்லை.

இன்னொன்று, காற்று. மிஸ்த்ரால் என்ற வடகாற்று அடிக்கிற நாளில் வடக்கே பார்த்து நிற்க முடியாது. அதனால்தான் கிரெனாஷைக் கம்பியில் ஏற்றாமல் குட்டையாக, கிண்ணம் மாதிரி வெட்டி வளர்க்கிறார்கள். குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். இயந்திரத்தால் அறுவடை செய்ய இங்கே சட்டமே விடாது, எல்லாம் கைதான். காற்றில் ஒரு நன்மை: மழை பெய்து மறுநாள் மிஸ்த்ரால் வந்தால் குலை காய்ந்துவிடும், பூஞ்சணம் பிடிக்காது.

மண்புழு

வோக்லூஸ்வாசி அண்ணன் சொன்ன களிமண் விஷயத்தோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சூட்டுக் கதையோடு இல்லை.

யோசித்துப் பாருங்கள். இரவில் கூடுதல் சூடு வேண்டும் என்றால் அது குளிரான ஊரில்தான் வேண்டும். வருடத்துக்குச் சுமார் 2,800 மணி நேரம் வெயில் அடிக்கும் இடம் இது. கிரெனாஷ் சும்மா விட்டாலே இனிப்பு ஏறி, ஒயினில் 15 சதவீதம் ஆல்கஹால் வந்து நிற்கிறது. அதற்குக் கல் வேறு அடுப்பு மூட்ட வேண்டுமா? இன்றைக்கு அங்கே விவசாயிகளின் கவலையே சூடு கூடிப்போவதுதான். வடக்குப் பார்த்த சரிவு, மணல், மர நிழல் என்று முன்பு யாரும் பெரிதாக மதிக்காத நிலங்களுக்கு இப்போது மதிப்பு கூடுகிறது.

ராயாஸின் ரகசியமும் அதுதான் என்பது என் கணிப்பு. மணல் சீக்கிரம் ஆறும், நீரைத் தேக்காது, காய் சிறுத்து மணம் கூடும். நிறம் வெளிறியிருக்கும், ஆனால் வாசனை தூக்கும். கல் மேட்டு கிரெனாஷ் தடித்த உடம்போடு வரும்.

நாக்கு நீளம்

ராயாஸ் ஒரு நண்பர் தயவில் ஒரு வாய் கிடைத்தது. கிளாஸில் பார்த்தால் தண்ணீர் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. இதுவா இவ்வளவு விலை என்று நினைத்துக்கொண்டே முகர்ந்தேன். அப்புறம் பேச்சே வரவில்லை. ஸ்ட்ராபெரி, உலர்ந்த ரோஜா இதழ், ஏதோ மசாலாப் பெட்டியைத் திறந்த வாசம். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் பாதிப் பேர் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதி ஒயின் என்பார்கள்.

இப்போது அதன் விலை ஆயிரம் யூரோ அளவுக்குப் போய்விட்டது. ஆக இந்த இழையில் ராயாஸைப் பற்றி எல்லோரும் பேசுவோம், யாரும் வாங்கப் போவதில்லை. போகாஸ்தெல் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். அதைப் பற்றிப் பேசினால் கொஞ்சமாவது பயன் உண்டு.

பாண்டிக்காரன்

கல்லும் இல்லை, மணலும் இல்லை. போப்! அவர்தானே எல்லாவற்றுக்கும் காரணம்? பெயரிலேயே இருக்கிறாரே. அவிஞ்ஞோனுக்கு வந்து உட்கார்ந்த போப்கள் குடிக்க ஆரம்பித்த ஒயின் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மேகமலை

பாதி சரி. கிளெமென்ட் V 1309இல் அவிஞ்ஞோனுக்கு வந்தார். அவருக்கு முன்பிருந்தே ஒயின் பழக்கம் உண்டு. போர்தோவில் பேராயராக இருந்தவர், அங்கே அவர் பெயரில் பாப் கிளெமான் என்ற தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் இந்த மலையில் கோட்டை கட்டியவர் அடுத்து வந்த ஜான் XXII. கோடைக்கு ஓய்விடம் வேண்டும் என்று கட்டினார். சுற்றிலும் திராட்சை வளர்க்க ஊக்கம் கொடுத்தார் என்பதும் உண்மை. அவருக்கு முன்பே அங்கே கொடிகள் இருந்தன என்பதும் உண்மை.

ஆனால் "போப் குடித்த ஒயின் அப்படியே நம் கிளாஸில்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஊரின் பழைய பெயர் ஷாத்தோநெஃப்-கால்செர்னியே. சுண்ணாம்புச் சூளைகளால் வந்த பெயர். போப்பின் பெயரை ஊர் அதிகாரபூர்வமாக ஒட்டிக்கொண்டது 1893இல். 18ஆம் நூற்றாண்டில் இந்த ஒயினை அவிஞ்ஞோன் ஒயின் என்றுதான் விற்றார்கள். பிறகு பெரும்பகுதி பீப்பாய் பீப்பாயாக பர்கண்டிக்குப் போனது. அங்கே மெலிந்த வருடத்து ஒயினுக்குத் தெம்பு கொடுக்க இதைக் கலந்தார்கள். "மருந்து ஒயின்" என்றே அதற்குப் பெயர். ஊர்ப்பெயர் எதுவும் வெளியே வராத, பெயரில்லாத சரக்கு.

கோட்டையும் இன்று ஒரு சுவர்தான். மதப் போர்க் காலத்தில் ஒரு பகுதி போயிற்று. மிச்சமிருந்த கோபுரத்தை 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை தன் வெடிமருந்துக் கிடங்கோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தது. அதில் தெற்குப் பாதி மட்டும் நிற்கிறது. பல லேபிள்களில் நீங்கள் பார்ப்பது அந்தப் பாதியைத்தான்.

மண்புழு

நடுவில் ஃபிலாக்சராவை விட்டுவிட்டீர்கள். வேரைத் தின்னும் அந்தப் பூச்சி பிரான்ஸில் முதலில் கண்ணில் பட்டதே ரோனுக்கு எதிர்க் கரையில், புழோ என்ற ஊரில், 1863இல். ஷாத்தோநெஃப்பில் இருந்து பார்த்தால் அடுத்த வீடு. முதலில் அடி வாங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அதற்குப் பிறகு நட்டதெல்லாம் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்ட கொடி. ஆகவே "தொன்றுதொட்டு" என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். லா நெர்த் தோட்டத்தின் உரிமையாளர் ழோசஃப் தூக்கோ அந்தச் சமயத்தில் பல வகைத் திராட்சைகளை நட்டு, எது என்ன கொடுக்கும் என்று குறித்து வைத்தார். பின்னால் வந்த 13 வகைப் பட்டியலுக்கு அந்த வேலை ஓர் அடித்தளம்.

மேகமலை

அதைத்தான் சொல்ல வந்தேன். என் கட்சி இதுதான்: இந்த ஒயினைச் செய்தது இயற்கையை விட 1923.

முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஒரு சட்டம் படித்தவர், பாரோன் பியேர் லெ ருவா. ஷாத்தோ ஃபோர்த்தியா வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்து ஊருக்கு வந்தார். அப்போது கண்ட இடத்து ஒயினையும் ஷாத்தோநெஃப் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் இவரிடம் வந்து வழி கேட்டார்கள். 1923இல் சங்கம் அமைத்து விதி எழுதினார். என்ன விதி என்று பாருங்கள்:

லாவெண்டரும் தைமும் விளையும் வறண்ட நிலத்தில் வளர்ந்த திராட்சைதான் இந்தப் பெயருக்குத் தகுதி. நீர் தேங்கும் செழிப்பான நிலம் வேண்டாம். குறிப்பிட்ட வகைகள் மட்டும். கொடி வெட்டும் முறை இப்படி. ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம், அதுவும் சர்க்கரை சேர்க்காமல் வர வேண்டும். அறுவடையில் குறைந்தது 5 சதவீதத்தைக் கழித்துக்கட்ட வேண்டும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கு இந்தப் பெயர் கிடையாது.

வழக்கு வருடக்கணக்காக நடந்து 1933இல் முடிந்தது. 1936இல் நாட்டின் முதல் ஏஓசி (ஊர்ப்பெயரைச் சட்டப்படி காக்கும் முறை) பட்டியலில் ஷாத்தோநெஃப்-து-பாப் இடம்பிடித்தது. அந்த ஏஓசி முறையை நாடு முழுக்க நடத்த உருவான அமைப்பின் நிறுவனர்களில் லெ ருவாவும் ஒருவர், பின்னால் நெடுங்காலம் தலைவரும் அவரே. இன்று ஐரோப்பாவில் ஒரு பாலாடைக்கட்டிக்கு ஊர்ப்பெயர் காவல் இருக்கிறது என்றால், அந்த வழியைப் போட்டவர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு.

எல்லை, வகை, விளைச்சல் (ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது) என்று இவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கட்டவே இல்லை: 13 வகையில் எதை எவ்வளவு சேர்க்கலாம் என்பதை. முழுக்க கிரெனாஷ் போடலாம், பதின்மூன்றும் போடலாம். சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் போடலாம். ராயாஸும் போகாஸ்தெல்லும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடிவது அதனால்தான்.

பாண்டிக்காரன்

சட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. இதே ஊர் 1954இல் பறக்கும் தட்டுக்குத் தடை போட்டதே, அது உண்மையா, கட்டுக்கதையா?

வோக்லூஸ்வாசி

உண்மை. மேயர் லூசியன் ழேன் போட்ட ஆணை. பறக்கும் தட்டு, பறக்கும் சுருட்டு என்று அழைக்கப்படும் எந்த வானூர்தியும், எந்த நாட்டுடையதாக இருந்தாலும், இந்த ஊருக்கு மேலே பறக்கக் கூடாது, இறங்கக் கூடாது, இறங்கியதும் பிடித்து அடைத்து வைக்கப்படும். அப்போது பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சு. மேயருக்கு ஒயின் விற்க வேண்டும். 2016இல் அப்போதைய மேயரைக் கேட்டபோது இரத்துச் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். இன்னும் ஒரு தட்டும் இறங்காததால் சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று ஊரில் சொல்வார்கள்.

பாண்டிக்காரன்

1954! எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டின வருடம். இங்கே மனிதர்களை இறக்கி விட்டுவிட்டு அங்கே வேற்றுக்கிரகத்தானைத் தடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சுருட்டின் பெயரில் கலிஃபோர்னியாவில் ஓர் ஒயினே இருக்கிறது, லெ சிகார் வொலான். இந்த ஊர் பாணியில் கலந்து செய்தது. முதல் வருடம் 1984.

அரைக்கிளாஸ்

நான் புதியவன், கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும். 13 வகை, 13 வகை என்கிறீர்கள். எல்லாம் ஒன்றாகக் கொட்டி நசுக்கினால் எந்தச் சுவை யாருடையது என்று எப்படித் தெரியும்? போகாஸ்தெல்லில் உண்மையிலேயே பதின்மூன்றும் போடுகிறார்களா, அல்லது விளம்பரமா?

மேகமலை

நல்ல கேள்வி தம்பி. போகாஸ்தெல்லைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1549இல் பியேர் தெ போகாஸ்தெல் என்பவர் கூதுலே என்ற இடத்தில் ஒரு களஞ்சியமும் நிலமும் வாங்கியதாகப் பத்திரம் இருக்கிறது. பெயர் அங்கிருந்து. நாம் பேசும் கதை 1909இல் தொடங்குகிறது. பூச்சி வந்து போன நிலத்தை பியேர் திராமியே வாங்கினார். அவர் மருமகன் பியேர் பெரேன். அவர் மகன் ழாக் பெரேன்தான் இந்தப் பண்ணைக்கு முகம் கொடுத்தவர். இப்போது அவருடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நடத்துகிறார்கள். ஷாத்தோநெஃப் எல்லைக்குள் சுமார் 70 ஹெக்டேர் திராட்சை.

ழாக் பெரேன் 1950லேயே இரசாயன மருந்தை நிறுத்தியவர். அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரத்தனம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் டிராக்டரும் களைக்கொல்லியும் வந்துவிட்டன என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது இவர் ஆட்டு எருவும் கொம்பு எருவுமாக நின்றார்.

வகைகள்: சிவப்பில் கிரெனாஷ், மூர்வேத்ர், சிரா, சென்சோ, கூனுவாஸ், வக்கரேஸ், தெரே நுவார், முஸ்கார்தான். வெள்ளையில் ரூசான், கிளேரெத், பூர்புலாங், பிக்பூல், பிக்கார்தான். (2009இல் விதியைத் திருத்தியபோது நிற வேறுபாடுகளையும் தனித்தனியே எண்ணி 18 ஆக்கினார்கள். ஊரில் இன்னும் 13 என்றுதான் சொல்கிறார்கள்.) பதின்மூன்றையும் நட்டிருக்கிறார்கள், சிவப்பு ஒயினில் எல்லாம் போகிறது. ஆனால் அளவு சமமில்லை. கிரெனாஷும் மூர்வேத்ரும் ஏறத்தாழ ஆளுக்கு 30 சதவீதம். சிராவும் கூனுவாஸும் பத்துப் பத்து. மீதி பெருங்காயம் போல.

மூர்வேத்ர் 30 சதவீதம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்த ஊரில் பெரும்பாலானோர் கிரெனாஷை முக்கால் பங்குக்குப் போடுவார்கள். ழாக் பெரேனுக்கு மூர்வேத்ர் மேல் அப்படியொரு பிடிப்பு. அவர் 1978இல் காலமானார். 1989 முதல், நல்ல வருடங்களில் மட்டும் அவர் நினைவாக ஒரு தனி ஒயின் செய்கிறார்கள். அதில் மூர்வேத்ர்தான் பெரும்பங்கு.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றாகக் கொட்டி நசுக்குவதில்லை. ஒவ்வொரு வகையையும் அது பழுத்த நேரத்தில் தனியாகப் பறித்து, தனியாக நொதிக்க வைக்கிறார்கள். சிரா, மூர்வேத்ர் இரண்டும் மரத் தொட்டியில். கிரெனாஷ் சீக்கிரம் காற்றுப் பட்டு வாடும் ரகம், அது பூச்சிட்ட சிமெண்ட் தொட்டியில். பிறகு கலந்து, பெரிய ஓக் பீப்பாய்களில் ஒரு வருடம் போல. புதுச் சிறு பீப்பாயின் வனிலா வாசனையை எதிர்பார்த்தால் கிடைக்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விசித்திர வேலை. காம்பு நீக்கிய திராட்சையைக் கொஞ்ச நேரம் 80 டிகிரி வரை சூடாக்கி, உடனே குளிர வைக்கிறார்கள். தோலிலிருந்து நிறம் வெளிவரும். காற்றுப் பட்டதும் சாற்றைப் பழுப்பாக்கும் நொதிகள் அடங்கிவிடும். அதனால் கந்தகம் குறைவாகப் போதும். மண், இயற்கை என்று பேசும் வீட்டில் இப்படி ஓர் இயந்திரம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நம்பிக்கையும் உண்டு, தொழிலும் தெரியும்.

நாக்கு நீளம்

எல்லாம் சரி, மாட்டுத் தொழுவத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே?

தெரியாதவர்களுக்கு: பிரெட்டனோமைசஸ், சுருக்கமாக பிரெட், என்று ஓர் ஈஸ்ட். ஒயினில் புகுந்தால் 4-எத்தில் ஃபீனால் உண்டாக்கும். கொஞ்சமாக இருந்தால் தோல், புகை, காட்டு இறைச்சி வாசம். கூடினால் தொழுவமும் வியர்த்த குதிரையும். 1980, 90களின் போகாஸ்தெல் பற்றி ஒயின் உலகில் நடந்த பெரிய சண்டையே இதுதான். 1989, 1990 புட்டிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டு, இருப்பது உறுதியும் ஆனது. அதே புட்டிகளைக் குடித்துவிட்டு வாழ்நாளின் சிறந்த ஒயின் என்றவர்களும் உண்டு. ஒரு கட்சி "மண்ணின் குணம்" என்றது, மறு கட்சி "பீப்பாயைக் கழுவு" என்றது.

நான் இரண்டாவது கட்சி. மண்ணில் இருந்து தொழுவ வாசம் வராது.

வோக்லூஸ்வாசி

ஒரேயடியாக அப்படிச் சொல்ல ஏலாது. மூர்வேத்ருக்கே இளமையில் ஒரு மிருக வாசனை உண்டு, ஈஸ்ட் இல்லாமலே. காற்றுக் குறைந்த இடத்தில் இருந்த ஒயின் என்றால் இன்னும் கூடும். ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால் போய்விடும். பிரெட் என்றால் போகாது, நேரம் போகப் போகக் கூடும். புட்டி திறந்தவுடன் முகத்தைச் சுளிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொரு பண்ணையின் ஒயின், பெயர் வேண்டாம், ஒரு பெட்டி வாங்கி அத்தனையும் அந்த வாசனையில் போனது. அது பிரெட்தான். அதற்கு மண்ணைக் காரணம் சொன்னால் நானும் சிரிப்பேன். ஆனால் இப்போது இந்தப் பகுதியில் நிலவறைகள் முன்பைவிடச் சுத்தம். சமீபத்திய வருடங்களில் அந்த வாசனையைத் தேடினாலும் அரிது.

பழைய புட்டி

நெடுநாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், இதற்காக எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பிரெட் இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? அறுத்துத் துடைத்து எடுத்த மாதிரி எல்லா ஒயினும் ஒரே வாசனையில் வருவதைவிட அது மேல். அந்த 89ஐக் குடித்தவன் நான். ஆய்வகக் காகிதத்தைக் காட்டி அது கெட்ட ஒயின் என்றால் காகிதத்தைத்தான் தூக்கிப் போடுவேன்.

நாக்கு நீளம்

ஐயா, உங்கள் புட்டி நன்றாக இருந்திருக்கும். அதே பெட்டியின் அடுத்த புட்டி அப்படியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. பிரெட் புட்டிக்குள் உயிரோடு இருக்கும். வெயிலில் பயணம் செய்த புட்டி ஒரு மாதிரி, குளிர்ந்த நிலவறையில் கிடந்தது இன்னொரு மாதிரி. நம் ஊருக்கு வந்து சேரும் புட்டிகள் என்ன பாடுபட்டு வருகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

மண்புழு

தொழுவத்தை விட்டு மறுபடி கல்லுக்கு வருகிறேன். மேகமலை மூர்வேத்ர் 30 சதவீதம் என்று எழுதியதைப் படித்ததும் முதல் பக்கத்தில் நான் எழுதியதோடு ஒரு வரி சேர்க்கத் தோன்றுகிறது.

மூர்வேத்ர் மிகத் தாமதமாகப் பழுக்கும். தலை வெயிலில், கால் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று புரோவான்ஸ் பக்கம் அதைப் பற்றிச் சொல்வார்கள். அதன் சொந்த இடம் கடலோரத்து பாந்தோல். ஷாத்தோநெஃப் அது ஒழுங்காகப் பழுக்கும் வடக்கு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்டோபர் இரவு குளிர ஆரம்பித்த பிறகும் அது கொடியில் நிற்கும். அந்த நேரத்தில் கல்லின் சூடு வீணில்லை. தண்ணீருக்குக் கீழே களிமண் இருக்கிறது. ஆக போகாஸ்தெல்லின் கல், மூர்வேத்ருக்கு வேலை செய்கிறது. அதே கல் கிரெனாஷுக்குத் தொல்லை. கிரெனாஷுக்கு ராயாஸ் மணல் நல்லது.

கல்லா மணலா என்று பொதுவாகக் கேட்டதால்தான் நாம் சுற்றிச் சுற்றி வந்தோம். எந்தக் கொடிக்கு என்று கேட்டிருந்தால் முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

மேகமலை

ஏற்கிறேன். ஆனால் எந்த நிலத்தில் எந்தக் கொடி என்று தேர்வு செய்ய விட்டதே அந்த விதியின் பெருந்தன்மைதான். பர்கண்டியில் சிவப்பு என்றால் பினோ நுவார், முடிந்தது கதை. இங்கே கல் மேட்டில் மூர்வேத்ர், மணலில் கிரெனாஷ் என்று அவரவர் நிலத்துக்கு ஏற்ப நட இடம் இருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு அது இன்னொரு விதத்திலும் உதவுகிறது. கூனுவாஸ், தெரே நுவார், முஸ்கார்தான் எல்லாம் ஆல்கஹால் அதிகம் ஏறாத வகைகள். நிறம் குறைவு, உடம்பு குறைவு என்று ஒருகாலத்தில் பலர் பிடுங்கி எறிந்தார்கள். இப்போது 15 சதவீதத்தைக் கீழே இழுக்க அவைதான் வேண்டும்.

இன்னொரு சான்று. பெரேன் குடும்பம் தங்கள் அமெரிக்க இறக்குமதியாளர் ராபர்ட் ஹாஸுடன் சேர்ந்து 1989இல் கலிஃபோர்னியாவின் பாசோ ரோபிளஸில் தாப்லாஸ் கிரீக் தோட்டத்தைத் தொடங்கியது. போகாஸ்தெல்லில் இருந்து கொடித் துண்டுகளைக் கொண்டுபோய், அரசு நோய்த்தடுப்புக் காவலில் வருடக்கணக்காக வைத்து, பிறகுதான் நட்டார்கள். அங்கே உருண்டைக் கல் கிடையாது, சுண்ணாம்பு நிலம். அந்தச் சுண்ணாம்பைத் தேடித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்தான் எல்லாம் என்று நினைத்திருந்தால் முதலில் கல்லைத் தேடியிருப்பார்கள்.

அரைக்கிளாஸ்

நன்றி அண்ணா, இப்போது புரிகிறது. போகாஸ்தெல் என் பட்ஜெட்டுக்கு மேலே. குறைந்த விலையில் அந்தக் கையெழுத்தைப் பார்க்க வழி உண்டா?

வோக்லூஸ்வாசி

கூதுலே தெ போகாஸ்தெல். அதே குடும்பம். ஏ7 நெடுஞ்சாலைக்குக் கிழக்குப் பக்கம் இருக்கும் நிலம். மண் கிட்டத்தட்ட அதேதான், கடல் மணற்பாறையின் மேல் ஆல்ப்ஸ் கல். ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே என்பதால் கோத் தூ ரோன் என்ற பொதுவான வட்டாரப் பெயரை மட்டும்தான் போடலாம். இங்கே முப்பது யூரோவை ஒட்டிக் கிடைக்கும். இந்தியாவில் வரியோடு என்ன வரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் ஒயின்களான ஜிகொந்தாஸ் அல்லது வக்கேராஸ் வாங்குங்கள். ஷாத்தோநெஃப் பெயர் போட்ட மலிவுப் புட்டியைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தால் கை வைக்காதீர்கள். பெயருக்குத்தான் காசு, உள்ளே சூடான ஜாம். புட்டியில் புடைத்து நிற்கும் போப் கிரீடமும் சாவியும் 1937 முதல் இருக்கிறது. அது எல்லை விதிக்கு உட்பட்ட ஒயின் என்று காட்டும். ருசிக்கு உத்தரவாதம் இல்லை.

பாண்டிக்காரன்

போகாஸ்தெல்லுக்கு இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு, யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். அவர்களுடைய புது நிலவறையை வடிவமைத்தது ஸ்டூடியோ மும்பையின் பிஜாய் ஜெயின். தோண்டி எடுத்த அதே மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்புவது, மழைநீரைச் சேர்த்து வைத்துக் கட்டடத்தைக் குளிர வைப்பது என்று திட்டம். ஏசிக்குப் பதில் தண்ணீர்த் தொட்டியும் மண் சுவரும். இங்கே நாம் மண் சுவரை இடித்துவிட்டு ஏசி மாட்டுகிறோம்.

அரைக்கிளாஸ்

கடைசிக் கேள்வி. அண்ணன் ஒருவர் ஷார்ஜாவிலிருந்து வருகிறார், 2016 போகாஸ்தெல் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். உடனே திறக்கலாமா? என்ன சாப்பாட்டோடு?

பழைய புட்டி

2016 அருமையான வருடம், அவசரப்பட வேண்டாம். இந்த ஒயினுக்கு ஒரு குணம் உண்டு: முதல் சில வருடம் கலகலவென்று பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும், பத்து வருடம் தாண்டி மறுபடி திறக்கும். இப்போது மெல்லத் திறக்கும் நேரம். குளிரான இடம் இருந்தால் இன்னும் வைத்திரு. சென்னை அலமாரியில் வைப்பதாக இருந்தால் உடனே குடித்துவிடு, அந்தச் சூட்டில் வைப்பதைவிட அது மேல்.

நாக்கு நீளம்

"அறை வெப்பம்" என்று எங்காவது படித்துவிட்டு அப்படியே ஊற்றாதே. நம் அறை 32 டிகிரி. 16, 17 டிகிரி வேண்டும். பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் போல, பிறகு ஜாடியில் ஊற்றிக் குளிர்ச்சியான இடத்தில் ஒரு மணி நேரம். ஆட்டுக்கறி நன்றாகப் போகும், ஆனால் காரக் குழம்பு வேண்டாம். 14.5 சதவீத ஆல்கஹாலில் மிளகாய் பட்டால் வாய் எரியும். மிளகு, சீரகம், வெங்காயம் வைத்து மெதுவாக வேகவைத்த தொடைக்கறி. வெஜிடேரியன் என்றால் காளானும் சுட்ட கத்தரிக்காயும்.

அரைக்கிளாஸ்

தொடைக்கறி உறுதி. அண்ணன் ஒரு புட்டிக்கு மேல் கொண்டுவருவாரா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய புட்டி

இரண்டு கொண்டுவந்தால் ஒன்றை எனக்கு அனுப்பு. அதில் தொழுவம் இருந்தாலும் புகார் சொல்ல மாட்டேன்.